வேலையை விட்டு நகர முடியாதவர்கள்

வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்கக் குடியேற்றச் சீர்திருத்தம்

கேள்வி: குடியேற்றச் சீர்திருத்தம் என்று அமெரிக்காவில் எப்போது பார்த்தாலும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா?

பதில்: நடந்தது, 1986-ல். அன்றைய அதிபர் ரீகன் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. 1982 ஜனவரிக்கு முன்பிருந்தே ஆவணமில்லாமல், அதாவது சட்டப்படியான அனுமதி இல்லாமல், அங்கே வாழ்ந்தவர்களும் பண்ணைத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள், ஏறக்குறைய 27 லட்சம் பேருக்குச் சட்டப்படி வாழும் உரிமை கிடைத்தது. ஆவணமில்லாதவர் என்று தெரிந்தும் வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு அபராதம் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் வந்தது. ஆனால் தொழிலாளி காட்டும் காகிதம் பார்வைக்கு உண்மையாகத் தெரிந்தால் போதும், முதலாளி அதற்கு மேல் தோண்ட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். போலிக் காகிதம் பெருகியது. பெரிய நிறுவனங்கள் நடுவில் ஒரு காண்ட்ராக்டரை வைத்துக்கொண்டு, ஆள் யார் என்றே எங்களுக்குத் தெரியாது என்று ஒதுங்கிக்கொண்டன.

அப்புறம் 1996-ல் வந்த சட்டம் கதவை உள்பக்கமாகப் பூட்டியது. ஆவணமில்லாமல் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்துவிட்டு வெளியே போனால் 10 வருடம் திரும்ப முடியாது. அறுவடைக்கு வந்து, சம்பாதித்துவிட்டு மெக்சிகோவுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர்கள், எல்லைக் கெடுபிடியும் சேர்ந்துகொண்டதும், போனால் வர முடியாது என்று அங்கேயே தங்கிவிட்டார்கள், மனைவி மக்களையும் வரவழைத்துக்கொண்டார்கள். கடுமையான சட்டம் போட்டால் ஆட்கள் குறைவார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2013-ல் இரு கட்சியினரும் சேர்ந்து எழுதிய பெரிய மசோதா நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 68-க்கு 32 என்று நிறைவேறியது. கீழவையான பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அவ்வளவுதான் கதை.

கேள்வி: வெளியிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தால் ஏற்கெனவே அங்கே உழைப்பவனின் கூலி குறையத்தானே செய்யும்? இதைச் சொன்னாலே இனவெறி என்று முத்திரை குத்துவது நியாயமா? – டெக்சாஸ் வாசகர்

பதில்: நியாயமில்லை. கூலியை நம்பிப் பிழைப்பவர் கூலியைப் பற்றிக் கவலைப்படுவதில் என்ன தப்பு? ஆனால் உங்கள் கேள்வியின் முதல் பாதியைப் பொருளாதாரக்காரர்களே பல வருடமாகச் சண்டை போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

1980-ல் கியூபாவின் மரியெல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களுக்குள் படகுகளில் வந்து இறங்கினார்கள், ஏறக்குறைய பாதிப் பேர் ஃபுளோரிடாவின் மயாமி நகரத்திலேயே தங்கிவிட்டார்கள். ஊரில் வேலை செய்வோர் எண்ணிக்கை திடீரென்று 7 சதவீதம் கூடியது. பொருளாதார ஆய்வாளர் டேவிட் கார்டு 1990-ல் இதை ஆராய்ந்து, ஏற்கெனவே இருந்தவர்களின் சம்பளத்தில் பெரிய பாதிப்பு தெரியவில்லை என்று எழுதினார். இன்னொரு பொருளாதார ஆய்வாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் பல வருடம் கழித்து அதே மயாமியை மறுபடி எடுத்துப் பார்த்து, உயர்நிலைப் பள்ளியை முடிக்காத ஆண்களின் கூலி கணிசமாக விழுந்தது என்றார். அவர் கணக்கில் எடுத்த ஆட்கள் மிகக் குறைவு என்று வேறு சிலர் மறுத்தார்கள். 2016-ல் அமெரிக்க தேசிய அகாடமிகள் வெளியிட்ட பெரிய அறிக்கை சொன்னது இது: நீண்ட காலத்தில் மொத்தச் சம்பளத்தின் மேல் பாதிப்பு மிகச் சிறியது, அடி விழுந்தால் முதலில் விழுவது முன்னால் குடியேறி வந்தவர்கள் மேலும், பள்ளிப் படிப்பை முடிக்காத உள்ளூர்க்காரர்கள் மேலும்தான். ஆக, நீங்கள் பயப்படுவதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது ஒரு மூலையில் இருக்கும் உண்மை. அந்த மூலையில் நிற்கிறவர்களைப் பற்றி இரு தரப்பிலும் யாருக்கும் அக்கறையில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, அந்த மூலையில் கூலியை இழுப்பது எது? புதிதாக வந்தவர் நிற்பதாலா, வாயைத் திறந்தால் நாடு கடத்தப்படுவோம் என்ற பயத்தோடு நிற்பதாலா? நான் இரண்டாவதையே முக்கியமாக நினைக்கிறேன். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆவணமில்லாதவருக்கும் பொருந்தும், ஏட்டில். ஆனால் ஓவர்டைம் கொடுக்கவில்லை என்று புகார் செய்யப் போகிறவர் முதலில் தன் பிள்ளைகளை நினைத்துக்கொள்வார். 2002-ல் ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று ஒரு தீர்ப்பு சொன்னது: தொழிற்சங்கம் அமைக்க உதவியதற்காக ஒருவரை வேலையை விட்டு எடுத்தது சட்டவிரோதம்தான், ஆனால் அவர் ஆவணமில்லாதவர் என்பதால் இழந்த சம்பளத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு முதலாளியாக இருந்து யோசித்துப் பாருங்கள், யாரை வேலைக்கு வைப்பது லாபம்? அப்படிப்பட்ட ஆளின் பக்கத்தில் நின்று வேலை செய்யும் அமெரிக்கக் குடிமகன் கூலி உயர்வு கேட்டால் என்ன பதில் வரும்? அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏஎஃப்எல்-சிஐஓ இதைப் புரிந்துகொண்டு 2000-ல் தன் பழைய நிலையை மாற்றி, இவர்களைச் சட்டபூர்வமாக்குங்கள் என்று கேட்டது. தன் சொந்த உறுப்பினர்களின் கூலியைக் காப்பாற்றவும்தான்.

கேள்வி: வரி கட்டாமல் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அனுபவிக்கிறார்களே?

பதில்: வரி கட்டுகிறார்கள். கடையில் வாங்கும்போது விற்பனை வரி, வாடகைக்குள் சொத்து வரி, சம்பளச் சீட்டு வைத்து வேலை செய்பவர்களுக்குச் சமூகப் பாதுகாப்புப் பிடித்தம். கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொள்வார்கள், வயதான பிறகு ஓய்வூதியம் தர மாட்டார்கள். 2022-ல் ஆவணமில்லாதவர்கள் செலுத்திய மொத்த வரி 9,670 கோடி டாலர் என்று ஐடெப் என்ற வரி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது 1982-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த உரிமை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், பிடித்தம் போவது மத்திய அரசுக்கு, பள்ளிச் செலவு விழுவது உள்ளூர் மேல். அந்த ஊர்க்காரர்கள் முணுமுணுப்பதில் காரணம் இருக்கிறது, அதற்கான பணத்தை வாஷிங்டன்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

கேள்வி: நாங்கள் எச்-1பி வேலை விசாவில் வந்து, முறையாக வரி கட்டி, நிரந்தரமாக வாழ அனுமதிக்கும் கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடத்துக்கு மேல் நிற்கிறோம். என் மூத்த மகளுக்கு 19 வயது. சட்டத்தை மீறி வந்தவர்களுக்கு மன்னிப்பு என்று கேட்கும்போது வயிறு எரிகிறது. நாங்கள் என்ன ஏமாளிகளா? – நியூ ஜெர்ஸி வாசகி

பதில்: அம்மா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு வருடத்துக்கு 1,40,000 என்று 1990-ல் போட்ட எண், அதுவும் மனைவி மக்களையும் சேர்த்து எண்ணி. அதற்குள் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் இந்தியர்கள் இப்படித் தேங்கிக் கிடக்கிறீர்கள். மகளுக்கு 21 ஆனால் உங்கள் விண்ணப்பத்திலிருந்து அவள் விழுந்துவிடலாம். மகளின் வயதைக் கணக்கிடுவதற்கு 2002-ல் வந்த சட்டம் கொஞ்சம் கை கொடுக்கும், அவள் வயதில் எவ்வளவு கழியும் என்று இப்போதே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பாருங்கள், 20 வயது தாண்டும்வரை காத்திருக்காதீர்கள்.

ஆனால் ஒன்று. உங்களை வரிசையில் நிறுத்தி வைத்திருப்பது பழத்தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கும் ஆள் இல்லை, அவர் உங்கள் வரிசையிலேயே இல்லை. அவர் நாளைக்கே நாடு கடத்தப்பட்டாலும் உங்கள் தேதி ஒரு நாள்கூட முன்னால் நகராது. நான் மேலே சொன்ன 2013 மசோதாவில் அவருக்கு வழி இருந்தது, 13 வருடம் காத்திருந்து குடியுரிமை. அதே மசோதாவில் வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுக்கு நாட்டு வரம்பை எடுப்பதும், மனைவி மக்களை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுவதும் இருந்தன. அது செத்தபோது அவரோடு நீங்களும் தோற்றீர்கள்.

இன்னும் சொல்லப்போனால் உங்கள் வீட்டிலும் அதே பயம்தான் வேறு உடையில் இருக்கிறது. வேலை போனால் 60 நாளுக்குள் இன்னொரு முதலாளி மனு போட வேண்டும். வேலை மாறலாம், ஆனால் கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், பழைய மனு ஏற்கப்பட்டிருந்தால் வரிசைத் தேதி மட்டும் கூட வரும். இந்த நிலையில் இருப்பவர் மேலாளரிடம் எதை எதிர்த்துப் பேசுவார்?

கேள்வி: 2025 செப்டம்பரில் எச்-1பி-க்கு 1,00,000 டாலர் கட்டணம் என்றார்களே, அது உள்ளூர்த் தொழிலாளிக்கு நல்லதுதானே?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கொண்டுவருபவர்களைக் குறிவைத்தது. ஏற்கெனவே உள்ளே இருந்து முதலாளியிடம் கட்டுண்டு கிடப்பவர் கட்டுண்டே கிடக்கிறார். சம்பளத்தைச் சரிசெய்ய நினைத்தால் சம்பள விதியில் கை வைக்க வேண்டும். பல வருடங்களாக எச்-1பி-க்கான நான்கு சம்பளப் படிகளில் கீழே உள்ள இரண்டும், அதே ஊரில் அதே வேலைக்கான நடுச் சம்பளத்துக்குக் கீழே இருந்தன. சட்டமே அனுமதிக்கும் மலிவு அது.

கேள்வி: பெரிய சட்டம் வராது என்றால் வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது, பலருக்குத் தெரியாத ஒன்று. 1929 முதல் அமெரிக்கச் சட்டத்தில் பதிவேடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. குறிப்பிட்ட தேதிக்கு முன் வந்து தொடர்ந்து அங்கேயே நல்லபடியாக வாழ்பவர் கிரீன் கார்டு கேட்கலாம். அந்தத் தேதியைக் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அவ்வப்போது முன்னால் நகர்த்தி வந்தது, கடைசியாக நகர்த்தியது 1986-ல், 1972 ஜனவரி 1 என்று. இன்றும் அதே தேதிதான்! ஏழு வருடம் வாழ்ந்தவர் கேட்கலாம் என்று மாற்றும் மசோதா 2022-ல் வந்தது, சபையில் வாக்கெடுப்பைப் பார்க்காமலே போனது. ஆயிரம் பக்கச் சட்டம் தேவையில்லை இதற்கு.

இதோடு, விசா முதலாளியின் கையில் இல்லாமல் தொழிலாளியின் கையில் இருக்கும்படி செய்தால், பருவகால விவசாய வேலைக்கான எச்-2ஏ விசாவில் வந்த தோட்டத்து ஆளானாலும் கணினி எச்-1பி ஆளானாலும், கூலி குறையும் என்று பயப்படும் டெக்சாஸ் வாசகருக்கும் அது நல்லது. வாசகர்களில் அங்கே ஓட்டு உள்ளவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் கூட்டம் போடும்போது எல்லைச் சுவரைப் பற்றி அவர் பேசட்டும், நீங்கள் இந்த இரண்டையும் கேளுங்கள்: பதிவேட்டுத் தேதியை நகர்த்த வாக்களிப்பாரா, விசாவை முதலாளியிடமிருந்து பிரிக்க வாக்களிப்பாரா?