வீடியோவில் தெளிவு, வீட்டில் இரைச்சல்: ஊசியைப் பாருங்கள்

வாங்கிய பழைய இசைத்தட்டை இப்போதே திருப்பி அனுப்பாதீர்கள், கோளாறு அநேகமாகத் தட்டில் இல்லை, பிளேயரின் ஊசியில். விற்றவர் அனுப்பிய வீடியோவில் பாட்டு நன்றாகக் கேட்டது, உங்கள் புது பிளேயரில் ஒரே கரகரப்பு என்கிறீர்கள். நீங்கள் வாங்கியது 78 வேகத் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய வகை. அதில் பாட்டு பதிந்திருக்கும் பள்ளம் அகலமானது, ஊசி முனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேண்டும். புது பிளேயரோடு பெரும்பாலும் வருவது, பின்னாளில் வந்த எல்பி தட்டுகளுக்கான ஊசி, 18 மைக்ரான் அளவுதான், அது பள்ளத்தின் அடியில் இறங்கி அத்தனை வருட அழுக்கையும் உரசிக்கொண்டு ஓடும்.

78 ஊசி வாங்கும் முன் தட்டை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாகப் பளபளத்தால் சரி. பள்ளம் சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்துபோனது, எந்த ஊசியும் உதவாது, அப்போது தாராளமாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம், ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். இது அரக்குத் தட்டு, கரையும். நான் ஒன்றை அப்படித்தான் பாழாக்கினேன். பஞ்சு கறுப்பாக வர வர, அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.