சிஸ்டரிடம் கேளுங்கள்: பிரேக் இல்லாத பைக்

சென்ற இதழில் காறை எலும்பு முறிவு பற்றிக் கேட்ட வாசகருக்குப் பதில் எழுதும்போது ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டேன். மான்செஸ்டரில் நான் நர்ஸ் வேலை பார்த்த காலத்தில், பிரேக்கே இல்லாத பைக்கில் பந்தயம் ஓடும் ஸ்பீட்வே வீரர்கள் காறை எலும்பில் தகடு வைத்துக்கொண்டு சில வாரங்களிலேயே திரும்ப ஓடப் போவார்கள் என்று. அவ்வளவுதான். சர்க்கரை, மூட்டுவலி, பித்தப்பைக் கல் எல்லாம் பின்னுக்குப் போய், வந்த கடிதங்களில் பாதி ஸ்பீட்வே பற்றித்தான். ஆசிரியரும் "இந்தத் தடவை அதையே எழுதிருங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டார். மூட்டுவலிக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

பிரேக் இல்லாமல் பைக் எப்படி நிற்கும்? எங்களைச் சும்மா ஏமாற்றவில்லையே? (வாசகர், குளச்சல்)

ஏமாற்றவில்லை அண்ணே. முன்னாலும் பிரேக் இல்லை, பின்னாலும் இல்லை. கியரும் ஒன்றே ஒன்றுதான். நீள்வட்டமான மண் பாதை, ஒரு சுற்று ஏறத்தாழ 250 முதல் 400 மீட்டர் வரை இருக்கும். நான்கு பேர், நான்கு சுற்று, இடப்பக்கமாகவே சுற்றுவார்கள். ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்து 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை.

வளைவில் அவர்கள் வேகத்தைக் குறைப்பதே சறுக்கித்தான். நீங்கள் வள்ளம் ஓட்டுகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சுலபமாகப் புரியும். வள்ளத்தை வேகத்தில் திருப்பும்போது பின்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகுமே, அதேதான் இங்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் பின்சக்கரம் மண்ணில் பிடிப்பு விட்டு வெளிப்பக்கம் போகும். பைக் இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும், முன்சக்கரமோ வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். இடக்காலை நீட்டி மண்ணில் ஊன்றிக்கொள்வார்கள். அந்தக் காலில் பூட்சுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் பூட்ஸ் ஒரே நாளில் தேய்ந்துபோகும்.

பிரேக் வேண்டாம் என்று வைத்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. பின்னால் ஒரு முழ தூரத்தில் இன்னொருவர் வருகிறார். முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடித்தால் இரண்டு பேரும் காலி. யாராலும் பிடிக்க முடியாது என்று தெரிந்தால், முன்னால் இருப்பவர் என்ன செய்வார் என்று கணக்குப் போடலாம். விழுந்தாலும் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்காது. மணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டு உடனே அணைந்துவிடும். பந்தயம் முடிந்ததும் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஒரு சுற்று சும்மா சுற்றினால் வேகம் தானே குறைந்துவிடும்.

நான் தக்கலையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இஞ்சின் விவரம் வேண்டும். என்ன பெட்ரோல்? (வாசகர், தக்கலை)

இஞ்சின் கேள்வியை நர்சிடம் கேட்கிறீர்கள், சரி. 500 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். குறைந்தபட்ச எடை 77 கிலோ என்று விதி இருக்கிறது. உங்கள் கடைக்கு வரும் புல்லட்டின் பாதி எடைகூட இல்லை. இஞ்சின் தருவதோ ஏறத்தாழ 70 குதிரைத்திறன். பல்லாண்டு காலம் லண்டன் டாட்டன்ஹாமில் செய்த ஜேஏபி இஞ்சின்தான் ராஜா. 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஈஸோ வந்து அதை இறக்கியது. பிறகு அது ஜாவா என்ற பெயரில் ஓடியது. நம்ம ஊரில் அப்பாமார் வைத்திருந்த அதே ஜாவா கம்பெனிதான். பிற்பாடு இத்தாலியின் ஜிஎம் இஞ்சின் கோலோச்சியது.

பெட்ரோல் கிடையாது, மெத்தனால். அழுத்த விகிதம் மிக அதிகம் என்பதாலும், எரியும்போது இஞ்சின் அதிகம் சூடாகாது என்பதாலும் அதை ஊற்றுகிறார்கள். இதே மெத்தனால்தான் 2024-ல் கள்ளக்குறிச்சியில் சாராயத்தில் கலந்து அத்தனை பேரைக் கொன்றது. பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஆகவே ஒர்க்‌ஷாப்பில் பரீட்சை செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் இஞ்சினுக்கு ஊற்றியது விளக்கெண்ணெயில் செய்த ஆயில். அந்த வாசனைக்காகவே மைதானத்துக்கு வருகிறோம் என்று சொல்லும் கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சின்ன வயதில் அம்மா மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய ஞாபகம்தான் வந்தது.

இதில் தெண்டுல்கர் மாதிரி யார்? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

கணக்குப்படி மூன்று பேர் சமம். நியூசிலாந்தின் ஐவன் மாஜர், ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன், போலந்தின் பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக். மூவருக்கும் ஆறு ஆறு உலகப் பட்டம். ஸ்மார்ஸ்லிக் ஆறாவதை 2025-ல் வாங்கினார், ஆஸ்திரேலியாவின் பிரேடி கர்ட்ஸைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம்.

என்னைக் கேட்டால் மாஜர் கதைதான் கதை. 1950-களில், இருபது வயதுகூட ஆகாத பையன், கப்பலேறி லண்டன் விம்பிள்டனுக்கு வந்தார். மைதானத்தில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். தேறவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். நம்ம ஊரில் என்றால் வளைகுடா போய்ச் சரியில்லாமல் திரும்பிய பையனுக்கு உடனே பெண் பார்த்து, கடை வைத்துக் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். மாஜரோ மனைவியோடு 1963-ல் மறுபடி இங்கிலாந்து வந்து நியூகாசில் அணியில் சேர்ந்தார். 1968, 69, 70 என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டம். மூன்றாவதையும் ஜெயித்தால் பைக்குக்குத் தங்க முலாம் பூசித் தருகிறோம் என்று அமெரிக்க ரசிகர்கள் இருவர் சொல்லியிருந்தார்கள், சொன்னபடி செய்தும் கொடுத்தார்கள். கடைசிப் பட்டம் 1979-ல், அப்போது வயது நாற்பதை நெருங்கிவிட்டது.

ஆனால் மான்செஸ்டர்காரர்களிடம் கேட்டால் பீட்டர் கிரேவன் என்பார்கள். லிவர்பூல் ஆள், ஆனால் ஓடியது மான்செஸ்டரின் பெல் வ்யூ ஏசஸ் அணிக்கு. குள்ளமான மனிதர். மற்றவர்கள் கால் ஊன்றிச் சறுக்கும் இடத்தில் இவர் உடம்பைச் சமன் செய்தே போய்விடுவாராம். 1955, 1962 இரண்டு உலகப் பட்டம். 1963 செப்டம்பரில் எடின்பரோவில் ஒரு ஓட்டத்தில், முன்னால் விழுந்து கிடந்தவர்மேல் ஏற்றிவிடக்கூடாது என்று பைக்கைத் திருப்பினார். வேலியில் மோதி, நான்கு நாள் கழித்து இறந்துபோனார். வயது 29. எங்கள் வார்டில் இருந்த ஒரு பெரியவர் இதைச் சொல்லும்போது நேற்று நடந்ததுபோலக் குரல் மாறும். அவர் ஊசி போட்ட கையை அசைக்காமல் வைத்திருக்கட்டும் என்பதற்காக நான் கிரேவன் பேச்சை எடுத்துவிடுவேன். எனக்கு இந்த விளையாட்டு தெரிய வந்ததே அப்படித்தான்.

நேரில் நான் பார்த்தவர்களில் ஜேசன் கிரம்ப். ஆஸ்திரேலியக் குடும்பம், அப்பா, அம்மாவழித் தாத்தா எல்லாருமே ஸ்பீட்வே வீரர்கள். 2004, 2006, 2009-ல் உலகப் பட்டம். அப்போது ஏசஸ் ஓடியது நாய்ப் பந்தய மைதானத்தில். கிரம்ப் முதல் வளைவுக்குள் நுழையும்போது பக்கத்தில் யார் இருந்தாலும் இடம் கொடுக்க மாட்டார். எனக்கு அவரைக் கொஞ்சமும் பிடிக்காது, ஆனால் அவர் ஓடும்போது கண்ணை எடுக்கவும் முடியாது.

பிரிட்டிஷ்காரர்களில் அதிகப் பட்டம் டாய் வொஃபிண்டனுக்கு, 2013, 2015, 2018. பிறந்தது இங்கிலாந்து ஸ்கன்தோர்ப்பில், வளர்ந்தது ஆஸ்திரேலியா பெர்த்தில். உடம்பு முழுக்கப் பச்சை குத்தியிருப்பார். இப்போது ராபர்ட் லாம்பர்ட், டான் பூலி இருவரும் நன்றாக ஓடுகிறார்கள். 2021-லும் 2024-லும் நாடுகளுக்கிடையிலான பட்டத்தை மான்செஸ்டரிலேயே வைத்துப் பிரிட்டன் வாங்கியது.

இன்னொரு வேடிக்கை. மார்க் லோரம் என்ற ஆங்கிலேயர் 2000-ல் உலகச் சாம்பியன். அந்த வருடம் நடந்த சுற்றுப் போட்டிகளில் ஒன்றில்கூட அவர் முதலிடம் பிடிக்கவில்லை! எல்லாவற்றிலும் ஓரளவு புள்ளி சேர்த்தே மேலே போய்விட்டார். இதற்கு நேர் எதிர் 1936, வெம்ப்ளியில் நடந்த முதல் உலக இறுதிப் போட்டி. புளூயி வில்கின்சன் அன்று ஓடிய ஓட்டம் எல்லாவற்றிலும் முதல். ஆனால் தகுதிச் சுற்றுப் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டதில் அவருக்கு மூன்றாம் இடம். பட்டம் லயனல் வான் பிராகுக்குப் போனது. வில்கின்சன் 1938-ல் அதை வாங்கியே விட்டார்.

நிறையச் சம்பளம் கிடைக்குமா? (வாசகர், தேங்காய்ப்பட்டணம்)

லீக் பந்தயத்தில் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கடைசியில் வந்தால் அந்த ஓட்டத்துக்குப் புள்ளிக்காசு கிடையாது. பைக், இஞ்சின், டயர், மெக்கானிக், வேன் எல்லாம் வீரர் பொறுப்பு. நல்ல காசு போலந்தில். அதனால் ஒரே வாரத்தில் பிரிட்டன், போலந்து, ஸ்வீடன், டென்மார்க் என்று ஓடுகிறவர்கள் உண்டு. எலும்பு முறிந்தால் வருமானம் நின்றது. சில வாரத்திலேயே திரும்ப ஓடுகிறார்கள் என்று போன தடவை எழுதினேனே, பலரும் வீரம் என்று நினைத்துப் பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். பாதி வீரம், பாதி வீட்டு வாடகை.

பெண்கள் ஓட்டுவார்களா சிஸ்டர்? (வாசகி, களியக்காவிளை)

ஓட்டினார்கள். 1928-ல் பிரிட்டனில் இது சூடுபிடித்தபோதே ஃபே டெய்லர் என்ற அயர்லாந்துப் பெண் களமிறங்கினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை போய் ஆண்களைத் தோற்கடித்தார். 1930-ல் பிரிட்டனில் பெண்கள் ஓட்டத் தடை போட்டுவிட்டார்கள். ஆபத்து, பெண்ணுக்குப் பொருந்தாது என்று வழக்கமான பேச்சுதான். அந்த அம்மா சும்மா இருக்கவில்லை, கார் பந்தயத்துக்குப் போய்விட்டார்.

இவ்வளவு சுவாரசியமான விளையாட்டு டிவியில் ஏன் கண்ணில் படுவதில்லை? (வாசகர், கருங்கல்)

ஒரு காலத்தில் கூட்டம் அள்ளியது. 1928 பிப்ரவரி 19, லண்டனுக்கு வெளியே எப்பிங் காட்டில் ஹை பீச் என்ற இடத்தில்தான் பிரிட்டனில் தொடக்கம் என்று கொண்டாடுகிறார்கள். ஏறத்தாழ 30,000 பேர் வந்தார்களாம். ஆஸ்திரேலியாவில் அதற்குச் சில வருடம் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. 1981-ல் வெம்ப்ளியில் நடந்த கடைசி உலக இறுதிப் போட்டிக்கு 90,000 பேருக்கு மேல். அன்று ஜெயித்தவர் அமெரிக்காவின் புரூஸ் பென்ஹால்.

இன்று ஊருக்குள் இருக்கும் மைதானம் என்றால் நிலத்தின் விலை முதலில் கண்ணில் படுகிறது. கோவென்ட்ரி அணியின் மைதானத்தில் 2016-க்குப் பிறகு ஓட்டம் இல்லை. வுல்வர்ஹாம்டனில் 2023-ஓடு நின்றது. இரைச்சல் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் வேறு. வயல் நிரப்பி பிளாட் போடுவதைத் தினமும் பார்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மான்செஸ்டரில் மட்டும் 2016-ல் ஸ்பீட்வேக்கென்றே புதிய மைதானம் கட்டினார்கள்.

என் மகன் கல்லூரியில் படிக்கிறான். ராத்திரி பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு வீடியோ எடுக்கிறான். உங்கள் பதிலைக் காட்டி "சிஸ்டரே எழுதியிருக்காங்க" என்கிறான். என்ன சொல்ல? (ஒரு தாய், அருமனை)

அம்மா, இந்தப் பதிலை அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, ஸ்பீட்வேயில் எல்லாரும் ஒரே திசையில் போவார்கள். எதிரே கல் ஏற்றிய டிப்பர் வராது, மாடு படுத்திருக்காது. ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் பந்தயம் தொடங்காது. விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் போய்விட்டால், இன்னொன்று வரும்வரை எல்லாரும் காத்திருப்பார்கள். பெரிய மைதானங்களில் வளைவு வேலியில் காற்றடைத்த மெத்தை இருக்கும். உடம்பு முழுக்கக் கவசம், முதுகெலும்புக்குத் தனிக் காப்பு.

இத்தனை இருந்தும் 2012-ல் லீ ரிச்சர்ட்சன் போலந்தில் ஓடும்போது இறந்தார். 2015-ல் டார்சி வார்ட், வயது 23, அடுத்த மாஜர் என்று பேசப்பட்ட பையன், ஒரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் விழுந்து முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நான் மேலே சொன்ன வொஃபிண்டன் 2025 மார்ச்சில் போலந்தில் விழுந்து தொடை எலும்பு, முதுகு என்று பல இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். உன்னிடம் என்ன இருக்கிறது? அரைக்கை சட்டையும் செருப்பும், வீடியோ எடுக்கிற கூட்டுக்காரனும்.

தொடை எலும்பு முறிந்தால் உள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசியலாம். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ராத்திரி நேரத்தில் அருமனையிலிருந்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நீயே கணக்குப் போடு. அப்புறம், ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டாதே, தலையில் மாட்டு.

அம்மா, சாவியை ஒளித்து வைத்துப் பிரயோஜனமில்லை, டூப்ளிகேட் போட்டுவிடுவான். பின்டயரின் தேய்மானத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். அது பொய் சொல்லாது. புது டயருக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இங்கிலாந்தில் எப்போதும் மழையாமே, மண் பாதையில் எப்படி ஓட்டுவார்கள்? (வாசகர், திருவட்டாறு)

ஓட்ட மாட்டார்கள். தூறல் என்றால் பார்ப்பார்கள். சேறானால் ரத்து. பாதையில் போடுவது உடைத்து நொறுக்கிய கல்மண். கொஞ்சம் ஈரம் வேண்டும், அதனால் வெயில் நாளில் அவர்களே தண்ணீர் அடிப்பார்கள். ஈரம் இல்லாவிட்டால் புழுதியில் பின்னால் வருகிறவருக்குக் கண் தெரியாது. கூடினால் சக்கரம் எங்கே பிடிக்கும், எங்கே விடும் என்று சொல்ல முடியாது. சீசனே மார்ச் முதல் அக்டோபர் வரைதான். கண்ணாடிமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை அடுக்கி ஒட்டிக்கொண்டு, மண் அப்ப அப்ப ஒவ்வொன்றாகக் கிழித்து எறிவார்கள்.

நம்ம மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஆடிச் சாரலுக்கு ஒன்று, ஐப்பசி அடைமழைக்கு ஒன்று என்று ரத்து செய்துகொண்டே இருந்தால் இங்கே டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுக்கத் தனியாக ஓர் ஆள் போட வேண்டியிருக்கும்.