மறு: டோரன்ட் ஓடினால் ரவுட்டர் தொங்கிவிடுகிறது

டோரன்ட் போட்டதும் நெட் நிற்குது, ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகுதுன்னு எழுதியிருக்கீங்க. பெரும்பாலும் நாட் டேபிள் (திறந்திருக்கிற இணைப்புகளை ரவுட்டர் குறிச்சு வைக்கிற பட்டியல்) நிரம்புறதுதான் காரணம், வேகம் இல்லை. ஓடுற டவுன்லோடு ஓடிக்கிட்டே இருக்கும், புதுப் பக்கம் மட்டும் திறக்காது, இதுதான் அடையாளம்.

முதல்ல டோரன்ட் மென்பொருளில் மொத்த இணைப்பை 200க்கு இறக்குங்க, டிஹெச்டியை (டிராக்கர் சர்வர் இல்லாமலே மற்ற கணினிகளைத் தேடுற வசதி) அணைங்க. அப்லோடை லைன் வேகத்தில் 80 சதவீதத்தோட நிறுத்துங்க.

ரவுட்டர் லினக்ஸில் ஓடி, உள்ளே நுழைய வழியிருந்தா டிசிபி டைம்அவுட்டைப் பாருங்க, அதாவது சும்மா இருக்கிற இணைப்பை எவ்வளவு நேரம் அந்தப் பட்டியலில் வைக்கணும்ங்கிற அளவு. லினக்ஸின் இயல்பு மதிப்பு 4,32,000 விநாடி, அதாவது 5 நாள்! செத்த இணைப்பெல்லாம் அதுவரை இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கும். 7,440 விநாடி போதும், 7,200க்குக் கீழே போனா சும்மா இருக்கிற எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினிக்குள்ள நுழையுற இணைப்பு) அறுந்துடலாம்.

ரவுட்டர் விளக்கெல்லாம் அணைஞ்சு தானா ரீபூட் ஆனா மட்டும் பவர் அடாப்டரைச் சந்தேகப்படுங்க.