கிறிஸ்தவச் சிந்தனையில் ஆன்மா என்பதன் பொருள் என்ன?

மனிதனை உயிருள்ளவனாகவும், அறிந்து, அன்பு செய்து, தானே முடிவெடுக்கக் கூடியவனாகவும் ஆக்கும் உள்ளுயிரையே கிறிஸ்தவம் ஆன்மா என்கிறது. இதன் வேர் விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம் 2:7: மண்ணால் உருவாக்கிய மனிதனின் நாசியில் கடவுள் உயிர்மூச்சை ஊத, அவன் ‘ஜீவாத்துமாவானான்’. அவனுக்குள் ஆன்மா வைக்கப்பட்டது என்று அவ்வசனம் சொல்லவில்லை என்பது என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கும். ‘ஆத்துமா’ என்பதற்கு மூலத்தில் உள்ள ‘நெபேஷ்’ என்ற எபிரேயச் சொல் அங்கே உயிருள்ள முழு மனிதனையே குறிக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் ஆன்மாவை உடலின் ‘வடிவம்’, அதாவது உடலை உயிருள்ள உடலாக்கும் உள்ளொழுங்கு, என்றார். பவானியில் ஜமுக்காளத் தறியருகே சற்று நின்று பார்த்தால் இது விளங்கும். சிவப்பும் பச்சையுமான பட்டைகள் நூலின்மேல் பின்னர் ஒட்டப்படுபவை அல்ல; குறுக்கு நூலான ஊடை ஒவ்வொன்றாக நெடுக்கு நூலான பாவுக்குள் புகப் புக, வெறும் பருத்தி நூல் விரிப்பாகிறது. அந்த ஒழுங்கு இல்லையேல் நூல் உண்டு, ஜமுக்காளம் இல்லை. ஆயினும் உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது: நூலைப் பிரித்தால் நெசவு அழியும்; ஆன்மாவோ உடல் மாண்டபின்னும் நிலைத்திருந்து, இறுதிநாளில் இறந்தோர் உயிர்த்தெழும்போது மீண்டும் உடலோடு இணையும் என்பது திருச்சபையின் நம்பிக்கை.

ஆகவே, சட்டை மாற்றுவதுபோல் ஆன்மா உடல் விட்டு உடல் மாறும் என்று கிறிஸ்தவமும் போதிப்பதாக நம் பக்கத்தில் பலர் நினைப்பது சரியன்று. அதன் போதனையில் ஒருவருக்குப் பிறவி ஒன்றே.