லேசர் கண் சிகிச்சை: சேமிப்பை எடுக்கலாமா, தவணையில் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 23. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன ஆண்டு மைனஸ் 4.25 ஆக இருந்த பவர் இப்போது இரு கண்ணிலும் மைனஸ் 5. கண்ணாடியை விட லேசர் சிகிச்சை செய்துகொள்ள நினைக்கிறேன். ஒரு கண் சிகிச்சை மையத்தில் பிஆர்கே, லேசிக், ஸ்மைல் என்ற மூன்று லேசர் முறைகளுக்கு மூன்று விலை சொன்னார்கள். புதிய முறையான ஸ்மைலுக்கு லேசிக்கைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. மாத இறுதிக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடியும் வட்டியில்லாத் தவணையும் உண்டாம். கையில் மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பு இருக்கிறது. அதை எடுக்கலாமா, தவணையில் போகலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முன்பணமும் கட்டாதீர்கள். ஓராண்டில் உங்கள் பவர் 0.75 கூடியிருக்கிறது. குறைந்தது ஓராண்டாவது 0.5-க்கு மேல் மாறாமல் நின்ற பிறகே லேசர் சிகிச்சை செய்வது வழக்கம். ஏறிக்கொண்டிருக்கும் பவரை இன்று திருத்தினால், தவணை முடிவதற்குள்ளேயே மறுபடியும் கண்ணாடி போட வேண்டி வரலாம்.

ஆக, எப்படியும் ஓராண்டு காத்திருக்கத்தான் வேண்டும். அது உங்களுக்கு நல்லதே. தவணையாகக் கட்டவிருந்த தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். பவர் நிலைத்து நிற்கும்போது பணமும் கையில் இருக்கும். மூன்று மாதச் சேமிப்பு வேலை போனால், உடம்புக்கு முடியாமல் போனால் காப்பாற்ற வேண்டிய பணம். அவசரமே இல்லாத சிகிச்சைக்காக அதைத் தொடக்கூடாது. 'வட்டியில்லை' என்ற தவணையிலும் செயலாக்கக் கட்டணம் இருக்கிறதா, ரொக்கமாகக் கட்டினால் விலை குறைகிறதா என்று கேளுங்கள். குறைகிறது என்றால் அந்த வித்தியாசம்தான் வட்டி.

எந்த முறை என்பதை விலைப்பட்டியலை வைத்து முடிவு செய்ய முடியாது. உங்கள் கருவிழிதான், அதாவது கண்ணின் முன்புறத்தில் இருக்கும் ஒளி ஊடுருவும் படலம்தான், முடிவு செய்யும். அதன் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமன் கொண்டது. ஒரு டயாப்டரை, அதாவது பவரில் ஒரு எண்ணைத் திருத்த ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் திசுவை லேசர் நீக்குகிறது. மைனஸ் 5-க்கு 60 முதல் 75. லேசிக்கில் இதற்கு முன் மேலே ஒரு மெல்லிய மடிப்பை வெட்டித் திறக்கிறார்கள். பிஆர்கேயில் மடிப்பு இல்லை என்பதால் கருவிழி மெல்லியவர்களுக்கு அதையே பரிந்துரைப்பதுண்டு. ஆனால் முதல் சில நாள் வலி இருக்கும், பார்வை தெளியவும் வாரக்கணக்கில் ஆகும். வேலையில் புதியவரான உங்களுக்கு அது சம்பளமில்லா விடுப்பாகுமானால் அதையும் செலவில் சேருங்கள். ஸ்மைலில் 2 முதல் 4 மில்லிமீட்டர் வெட்டு வழியாகத் திசுவை எடுத்துவிடுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் லேசிக்குக்குப் பொருத்தமான கண்ணுக்கு, புதியது என்பதற்காக மட்டும் இரு மடங்கு கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

விலைச்சீட்டை எழுத்தில் வாங்குங்கள். சொன்ன தொகை ஒரு கண்ணுக்கா, இரண்டுக்குமா? முன்பரிசோதனை, சொட்டு மருந்து, பின்தொடர் பரிசோதனைகள் அதில் அடங்குமா? பவர் சற்று மிச்சமிருந்தால் செய்யும் திருத்தச் சிகிச்சை இலவசமா, எத்தனை ஆண்டு வரை? கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிவிட்டு எழுதித் தர மறுக்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

சிகிச்சைச் செலவு திரும்பி வருமா என்றால், தினமும் புது கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்கு ஆண்டுக்கு 730 லென்ஸ் மிச்சம். அவருக்குச் சில ஆண்டுகளில் கணக்கு நேராகிவிடும். கண்ணாடி மட்டும் போடுபவருக்கு நெடுங்காலம் ஆகும். நாற்பதைத் தாண்டியதும் படிக்கக் கண்ணாடி தேவைப்படுவதை இந்தச் சிகிச்சை தடுக்காது. எனவே இதை வசதிக்கான செலவாக எண்ணுங்கள், முதலீடாக அல்ல. காப்பீடும் பெரும்பாலும் இதற்குக் கைகொடுக்காது. பாலிசியின் விலக்குப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது செலவழிக்க வேண்டியது ஒன்றுக்குத்தான்: கருவிழியின் தடிமனையும் வளைவையும் அளக்கும் முழுப் பரிசோதனை. அதன் அறிக்கைப் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த ஆண்டு எந்த மருத்துவரிடம் போனாலும், வளைவில் மாற்றம் உண்டா என்று அவர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். கருவிழி கூம்பாகும் நோயின் அறிகுறி தென்பட்டால் இந்தச் சிகிச்சையே கூடாது. சேர்த்த பணம் உங்களிடமே பத்திரமாக இருக்கும்.