எஸ். ஆர். நாதனைப் பிடிக்கிறது, ஆனால் மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடுகிறேன். எங்கே தப்பு?

கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இது: சிங்கப்பூரில் வேலை, வயது இருபத்தேழு. சிங்கப்பூரின் முன்னாள் அதிபர் எஸ். ஆர். நாதன், தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி போன்றவர்களைப் பற்றிப் படித்தால் இரண்டு நாளைக்கு முறுக்கு ஏறுகிறது, மூன்றாம் நாள் பழைய ஆள்தான். பிடித்தவர்களைப் பார்த்துக் குணத்தை வளர்த்துக்கொள்ள நடைமுறையில் ஏதாவது வழி இருக்கிறதா?

இருக்கிறது. நீங்கள் எடுக்கிற அளவுதான் தப்பு. முழு மனிதரையும் ஒரே வாயில் விழுங்கப் பார்க்கிறீர்கள். எடுக்க வேண்டியது அவருடைய ஒரே ஒரு செயல். அதுவும் வேலையிடத்திலோ வீட்டிலோ வாரத்துக்கு நாலு தடவையாவது உங்களுக்கு வாய்ப்பு வருகிற செயலாக இருக்க வேண்டும்.

'குணமெல்லாம் பிறவியில் வருவது, பயிற்சியால் வராது' என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். சுபாவம் என்று ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கோபம் வந்ததும் வாயைத் திறப்பதா பேனாவை எடுப்பதா என்பது சுபாவத்தில் எழுதி வைத்ததில்லை. நான் பேசுவது அந்த அளவுக்குத்தான்.

நாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974 ஜனவரி 31 அன்று நாலு பேர் சிங்கப்பூரின் புக்கோம் தீவில் உள்ள எண்ணெய் ஆலையைத் தாக்கிவிட்டு, லாஜு என்ற படகைப் பிடித்துக்கொண்டார்கள். பல நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, பிணையாக இருந்தவர்களை விடுவிப்பதற்காக அரசு அதிகாரிகள் சிலர் அந்த ஆட்களோடு குவைத்துக்கு விமானம் ஏறினார்கள். அதில் ஒருவர் நாதன். இதைப் படித்தவுடன் எல்லாரும் 'துணிச்சல்' என்று எழுதிக்கொள்வார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்ய முடியாது. அதே சம்பவத்தை இன்னும் ஒரு முறை அரித்துப் பாருங்கள்: ஆபத்தான வேலை என்று தெரிந்தும் தானே போனார். இதைச் சின்னதாக்கலாம். 'வாடிக்கையாளர் கத்தப்போகிறார் என்று தெரிந்தால், ஜூனியரை அனுப்பாமல் நானே போனை எடுப்பேன்.' இப்போது இதற்கு ஒரு நேரம் இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது, செய்தோமா இல்லையா என்று அன்றைக்கு இரவே சொல்லிவிடலாம்.

சாரங்கபாணியும் அப்படித்தான். 1935-ல் தொடங்கிய தமிழ் முரசு, தமிழர் திருநாள், பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகத் திரட்டிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதி என்று பட்டியல் போட்டால் மலைப்புதான் மிஞ்சும். உள்ளே போய்ப் பார்த்தால், முரசில் மாணவர்களுக்கென்று இடம் ஒதுக்கி, கற்றுக்குட்டிகளின் எழுத்தை அச்சில் ஏற்றியது கண்ணில் படும். அதுதான் எடுக்கக்கூடிய துண்டு. 'புதிதாகச் சேர்ந்தவரிடம் தினம் ஒரு சின்ன வேலையை முழுப் பொறுப்போடு கொடுப்பேன், நடுவில் பிடுங்க மாட்டேன்.'

இந்த 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்கிற வடிவம் சும்மா சொல்வதில்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் இதைப் பற்றி எழுதினார். 'நல்லவனாக இருப்பேன்' என்று நினைப்பவரைவிட, 'இன்ன நிலை வந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டவர் அதிகம் செய்து முடிக்கிறார். காரணம் எளிது. அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை, நிலைமையே ஞாபகப்படுத்திவிடும்.

அடுத்தது, யாரை எடுப்பது. மூன்று பேர் போதும், ஆனால் மூன்று தூரத்தில் இருக்க வேண்டும். ஒருவர் மறைந்த பெரியவர். இன்னொருவர் நீங்கள் வாரா வாரம் நேரில் பார்க்கிற மூத்தவர். மூன்றாமவர் உங்களுக்கு இரண்டே படி மேலே இருப்பவர். பெரும்பாலோர் முதல் ஆளோடு நின்றுவிடுகிறார்கள், அங்கேதான் மூன்றாம் நாள் நோய் வருகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1997-ல் வந்த ஓர் ஆய்வில், கணக்கியல் மாணவர்களுக்கு ஒரு சூரப்புலி மாணவரைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு அது ஊக்கம் கொடுத்தது. கடைசி ஆண்டு மாணவர்களுக்கு அது வேலை செய்யவில்லை, 'இனி எனக்கு எட்டாது' என்று தெரிந்துவிட்டதால். எட்டும் என்று தோன்றுகிற தூரத்தில் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

மறைந்த பெரியவரைப் படிக்கும்போதும் அவர் தடுக்கி விழுந்த பக்கங்களைத் தேடிப் படியுங்கள். நியூயார்க்கில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், ஐன்ஸ்டைன், மேரி கியூரி போன்றவர்கள் பட்ட பாட்டைப் படித்தவர்களின் அறிவியல் மதிப்பெண் கூடியது. சாதனையை மட்டும் படித்தவர்களுக்குக் கூடவில்லை. நாதன் பதின்ம வயதில் வீட்டைவிட்டு ஓடியவர், பிறகு வேலை பார்த்துக்கொண்டே படித்தவர். பள்ளி விழாப் பேச்சில் இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்து, நேரே 1999-க்கும் அதிபர் பதவிக்கும் போய்விடுவார்கள். உங்களுக்கு உதவக்கூடிய பகுதியே அதில்தான் இருக்கிறது.

நேரில் பார்க்கிற மூத்தவர்தான் மூன்று பேரில் பெரிய சுரங்கம். அவரிடம் கேட்கிற கேள்வியில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். 'அண்ணே, உங்க பொறுமைக்கு என்ன ரகசியம்?' என்று கேட்டால் அவர் சிரிப்பார், 'எல்லாம் அனுபவம்பா' என்பார், கோப்பி ஆறிவிடும். நடந்த ஒரு சம்பவத்தைப் பிடித்துக் கேளுங்கள். 'அண்ணே, போன மாசம் கான்கிரீட் லாரி வராதப்ப கிளையண்ட் போன் பண்ணினாரே, எடுத்ததும் முதல்ல என்ன சொன்னீங்க?' இப்போது வருகிற பதில் வேறு மாதிரி இருக்கும்: 'தப்பு எங்க பக்கம் சார், எப்ப வரும்னு பத்து நிமிஷத்துல சொல்றேன்னேன். அப்புறம்தான் பிளாண்டுக்கு அடிச்சேன்.' இதில் மூன்று துண்டு இருக்கிறது. ஒப்புக்கொள்வது முதலில், அடுத்து ஒரு நேரம் குறிப்பது, விசாரிப்பது கடைசியில். நம்மில் பலர் விசாரணையில் தொடங்கி, பழி யார்மேல் என்று தேடி, ஒப்புக்கொள்ளாமலே முடிக்கிறோம். வரிசையை மாற்றினாலே போதும் என்கிற இடம் இது.

கையைக் கவனியுங்கள் என்றும் சொல்வேன். வேலை தொடங்குமுன் நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (பாதுகாப்புக் கூட்டத்தில்) கோபப்படாத சூப்பர்வைசர் ஒருவர் எந்த சைட்டிலும் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. யாராவது குரலை உயர்த்தியதும் அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சொல்வதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு, எழுதி முடித்த பிறகுதான் தலையைத் தூக்குகிறார் என்றால், அவருடைய பொறுமை அந்தப் பேனாவில் இருக்கிறது. பொறுமையை யாரும் கடன் தர மாட்டார்கள். பேனாவை எடுக்கிற வழக்கத்தை நீங்கள் நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

குணத்தை இப்படிக் கையில் பிடிக்கிற பொருளாக மாற்றிய பழைய ஆள் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின். பன்னிரண்டு நற்குணங்களைப் பட்டியல் போட்டார். நண்பர் ஒருவர் 'உனக்குத் தலைக்கனம்' என்று சொன்ன பிறகு பதின்மூன்றாவதாகப் பணிவைச் சேர்த்தார். குணத்துக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒன்றாக ஏழு கட்டம், தவறினால் கறுப்புப் புள்ளி. வாரம் ஒரு குணத்தில் மட்டும் முழுக் கவனம், ஆக ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று வாரம், வருடத்துக்கு நாலு சுற்று. ஒழுங்குமுறை என்ற குணத்தில் கடைசிவரை தோற்றதாக அவரே எழுதிவிட்டார். பணிவுக்கு அவர் செய்தது இன்னும் சுவையானது: 'நிச்சயமாக', 'சந்தேகமே இல்லை' போன்ற சொற்களைத் தனக்குத் தானே தடை செய்துகொண்டு, 'இப்போதைக்கு எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்று பேசப் பழகினார். உள்ளே பணிவு வந்ததா என்று அவருக்கே உறுதியில்லை. ஆனால் எதிரே இருந்தவர்களோடு சண்டை குறைந்தது. அவர் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார் என்பதையும். ஒருவரிடம் எடுத்தது ஒரு செயல்தான் என்றால், அவருடைய மற்றப் பக்கம் நாறினாலும் அந்தச் செயல் உங்களிடம் அப்படியே இருக்கும். முழு ஆளையும் தலையில் தூக்கி வைத்தவர்கள்தான் செய்தித்தாளில் ஏதாவது வந்த அன்று சேர்ந்து விழுகிறார்கள்.

கணக்கு வைக்கிற விதத்தில் பிராங்கிளினிடமிருந்து ஒன்றை மாற்றுவேன். அவர் தவறை மட்டும் குறித்தார். அதில் ஒரு ஓட்டை உண்டு: அன்றைக்கு உங்களை யாருமே சீண்டவில்லை என்றாலும் பக்கம் சுத்தமாக இருக்கும், பொறுமைசாலி ஆகிவிட்டதாக நினைப்பு வரும். அதனால் வாய்ப்பு வந்து செய்தால் வட்டம், வாய்ப்பு வந்தும் விட்டால் பெருக்கல் குறி, வாய்ப்பே வராவிட்டால் வெற்றுக் கட்டம். தேக்காவில் மளிகைக் கடையில் வருடக் கடைசியில் கொடுக்கிற மாதக் காலண்டரே போதும், செயலி எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஏழில் ஐந்து வெற்றுக் கட்டம் என்றால் நீங்கள் எடுத்த செயல் உங்கள் வாழ்க்கையில் அரிதாக வருகிறது, வேறு எடுங்கள். வட்டத்தைவிடப் பெருக்கல் அதிகம் என்றால் செயல் பெரிதாக இருக்கிறது, பாதியாக்குங்கள். 'கத்த மாட்டேன்' என்பது பெரிது. 'முதல் வாக்கியத்தை உட்கார்ந்துகொண்டு சொல்வேன்' என்பது சரியான அளவு. முதல் வாரம் எதையும் மாற்ற முயலாமல் வெறுமனே குறித்து வையுங்கள். எத்தனை தடவை வாய்ப்பு வருகிறது என்று தெரியாமல் தொடங்குவது, வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று பார்க்காமல் விருந்துக்கு ஆள் கூப்பிடுவது மாதிரி.

இருபத்தொரு நாள் கணக்கை நம்பாதீர்கள். அது 1960-ல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் தன் நோயாளிகளைப் பார்த்துக் 'குறைந்தது' என்று எழுதியது, 'குறைந்தது' எப்படியோ உதிர்ந்துவிட்டது. லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வருவதற்கு நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. அதுவும் தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற எளிய பழக்கங்களுக்கு. அதனால் ஒரு நேரத்தில் ஒரே செயல், பத்து வாரம்.

கேட்டவர் எந்த வேலை அனுமதியில் இருக்கிறார், எஸ் பாஸா, வொர்க் பெர்மிட்டா, இல்லை இங்கேயே பிறந்தவரா, தெரியாது. துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் தங்கி, விடியுமுன் லாரி ஏறி, ஓவர்டைம் முடித்து இரவு திரும்புகிறவர் என்றால், நாலு மணிக்கு எழுந்து தியானம் செய்த தலைவர்களைத் தொடவே தொடாதீர்கள். அந்தத் தலைவருக்குச் சமைக்கவும் துவைக்கவும் ஆள் இருந்தது. ஒரு செயலை எடுக்குமுன் அதைத் தாங்கிப் பிடித்தது என்ன என்று பாருங்கள். தூக்கத்தைத் திருடுகிற எந்த நற்குணமும் இரண்டாம் வாரத்தில் சிடுசிடுப்பாகத் திரும்பி வரும்.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாவிட்டால் தூக்கம் வராது. இங்கே நம் நிகழ்ச்சிகளில் அழைப்பிதழில் ஆறரை என்று போட்டு, குத்துவிளக்கு ஏற்ற ஏழு இருபது ஆகிறது. பிறகு மேடையேறி மறைந்த பெரியவரின் நேரந்தவறாமையைப் புகழ்கிறார்கள். ஆறு இருபதுக்கே பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தவர்கள் முன்வரிசையில் கொட்டாவி விடுகிறார்கள். பிள்ளை அன்றைக்கு எதைக் கற்றுக்கொண்டு போகும்? ஏற்பாட்டாளர்கள் தன்னார்வலர்கள், சம்பளம் இல்லாமல் உழைக்கிறார்கள், தெரியும். இருந்தாலும் ஆறரை என்றால் ஆறரை.

சரி. கடைசியாக, பெரியவர்களை எங்கே கிட்டத்தில் பார்ப்பது. வாழ்த்துரை மலர்களில் கிடைக்க மாட்டார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பேட்டிகளைப் பதிவு செய்துவருகிறது, பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம், தமிழிலும் உண்டு. பேட்டி எடுப்பவர் விடாமல் 'அப்புறம் என்ன செய்தீர்கள்' என்று கேட்பதால், நமக்கு வேண்டிய துண்டுகள் அதில்தான் சிந்திக் கிடக்கின்றன. தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளத்தில் இருக்கின்றன. எம்ஆர்டி ரயிலில் உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகிற நேரத்துக்கு ஒரு ஒலிப்பதிவுத் துண்டு சரியாக இருக்கும். கேட்கும்போது ஒரே ஒரு வினைச்சொல்லைப் பிடியுங்கள்: போனார், எழுதினார், காத்திருந்தார். பண்புப் பெயர் வந்தால் தள்ளிவிடுங்கள்.

காலண்டரில் குறிக்கும்போது பழைய குறிகளை அழித்துவிட்டு அதே தாளில் அடுத்த சுற்றை எழுதாதீர்கள். பிராங்கிளின் அப்படித்தான் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டை விழுந்து, கடைசியில் தந்தத் தகட்டுக்கு மாறி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு அடுத்த மாதத் தாள் இருக்கிறது, முந்தையதைக் கிழிக்காமல் பின்னால் மடித்து வையுங்கள்.