அணியாத ஸ்வெட்டருக்குள் ஒரு யானை: பழந்துணிக் கைவினை கேள்வி-பதில்

எங்கோ பார்த்த பொம்மைப் படம் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, அதற்குத் தோதான துணியைத் தேடுவதாகத்தான் பலரும் எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்திசையில் போய்ப் பாருங்கள் என்பேன். கையில் இருக்கும் உடையை முதலில் மேசையில் விரியுங்கள். திருப்புங்கள், தலைகீழாகப் பிடியுங்கள். தோள்பட்டை எந்த விலங்கின் முதுகு? கைப்பகுதி யாருடைய தும்பிக்கை? பழந்துணியில் செய்த பொம்மையைப் பார்த்ததும் முகம் மலர்வதற்குக் காரணம், அது முன்பு என்னவாக இருந்தது என்று கண்டுபிடிக்க முடிவதுதான். அந்தத் தடயத்தை மறைத்துவிட்டால், அந்த மகிழ்ச்சியும் போய்விடுகிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதைத்தான் சுற்றி வருகின்றன.

கேள்வி: விலைச்சீட்டுகூடக் கிழிக்காத உடைகள் அலமாரியில் கிடக்கின்றன. ஏதாவது செய்யலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தால் கை தயங்குகிறது. என்ன செய்வது?

தயங்குவது நியாயம். நல்ல நிலையில் இருக்கும் உடையை யாராவது உடுத்துவதே அதற்குச் சிறந்த பயன். பொருந்துகிற ஆள் இருந்தால் கொடுத்துவிடுங்கள். மடிப்பிலேயே சாயம் வெளுத்தது, கறை போகாதது, சுருங்கியது, கொடுக்க மனம் வராத நினைவுச் சட்டை, இவை வெட்டுவதற்கு உரியவை.

அப்படியும் கை தயங்கினால், அதிகம் வெட்டாத வேலையில் தொடங்குங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையைத் தலையணை உறையாக்கலாம். பட்டன்களை எல்லாம் போட்டுவிட்டு, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்புங்கள். மார்புப் பகுதியில் உங்கள் குஷனைவிட ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. சிறியதாக ஒரு சதுரம் வரையுங்கள். உறை சற்று இறுக்கமாக இருந்தால்தான் குஷன் கொழுகொழுவென்று நிற்கும். நான்கு பக்கமும் தைத்து, 1 செ.மீ. விட்டு ஓரத்தை வெட்டி, பட்டன்களைக் கழற்றி அந்த வழியாகவே வெளியே திருப்பினால் முடிந்தது. ஜிப் வைக்கும் வேலையே இல்லை.

சதுரத்தை வரையும்போது சட்டைப் பாக்கெட் முழுதாக உள்ளே வருகிறதா என்று பாருங்கள். வெட்டி எடுத்த கைப்பகுதியில் ஒரு குட்டி எலியையோ முயலையோ தைத்து அந்தப் பாக்கெட்டுக்குள் எட்டிப்பார்க்க வையுங்கள். பாதி உடம்பு போதும், மீதி பாக்கெட்டுக்குள் மறைந்துவிடும். குழந்தைகள் அதை எடுப்பதும் வைப்பதுமாகவே இருப்பார்கள்.

கேள்வி: பழைய பொருள் கடையில் கம்பளி ஸ்வெட்டர்கள் நிறையக் கிடைக்கின்றன. வெட்டினால் நூல் நூலாகப் பிரிந்து வருகிறது. பொம்மை செய்ய முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வேலையே இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெட்டுவதற்கு முன் ஸ்வெட்டரை வேண்டுமென்றே சுருங்க வைக்க வேண்டும். கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் உரசலும் சேரும்போது இழைகள் நகர்ந்து, ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, மீண்டும் பிரிய முடியாமல் இறுகிவிடும். அப்படி இறுகியதுதான் ஃபெல்ட். அதை எங்கே வெட்டினாலும் நூல் பிரியாது. ஓரம் மடித்துத் தைக்கவும் வேண்டாம்.

கடையிலேயே லேபிளைப் படித்துவிடுங்கள். கம்பளி 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். 'கையால் மட்டும் துவைக்கவும்' என்ற குறிப்பு இருந்தால் நமக்கு நல்ல சகுனம். 'மெஷினில் துவைக்கலாம்' என்று போட்ட கம்பளியில் பெரும்பாலும் அந்தச் செதில்களை நீக்கியோ பூச்சுப் பூசியோ இருப்பார்கள். எத்தனை முறை வெந்நீரில் போட்டாலும் அது இறுகாது. அக்ரிலிக் ஸ்வெட்டர் பார்வைக்குக் கம்பளி மாதிரியே இருக்கும், ஆனால் இதற்கு உதவாது. காஷ்மீர், அல்பாக்கா இரண்டும் அழகாக இறுகும்.

ஸ்வெட்டரை ஜிப் வைத்த தலையணை உறைக்குள் போட்டு, 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில், கொஞ்சம் சோப்போடு வாஷிங் மெஷினில் ஓடவிடுங்கள். உறை இல்லாவிட்டால் உதிரும் கம்பளித் தூசு மெஷினின் வடிகட்டியை அடைத்துவிடும். உரசலுக்காக ஒரு பழைய ஜீன்ஸையும் கூடவே போடுங்கள். துண்டு வேண்டாம், அதன் பஞ்சு கம்பளியில் ஒட்டிக்கொள்ளும். எடுத்துப் பார்க்கும்போது பின்னல் கண்கள் தனித்தனியாகத் தெரிந்தால் இன்னொரு முறை ஓடவிடுங்கள். பிறகு தட்டையாக விரித்து உலர்த்துங்கள்.

இனி யானைக்கு வருவோம். கைப்பகுதியைத் தனியாக வெட்டி எடுங்கள். மணிக்கட்டுப் பக்கம் குறுகலாக, வரிவரியான பின்னலோடு இருக்கும். அதுதான் தும்பிக்கை, சுருக்கங்கள் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன! தோள் பக்கம் அகலமாகிக்கொண்டே போவது தலையும் உடம்பும். பஞ்சை அடைத்து, அகன்ற வாயைச் சுற்றிலும் ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போகும் எளிய தையல்) போட்டு, நூலை இழுத்துச் சுருக்கி முடிச்சிடுங்கள். மற்றொரு கையிலிருந்து நான்கு குட்டைக் கால்கள், மார்புப் பகுதியிலிருந்து இரண்டு காதுகள். காதின் அடியில் ஒரு சின்ன மடிப்பு வைத்துத் தைத்தால் அது தட்டையாகத் தொங்காமல் விரிந்து நிற்கும். ஸ்வெட்டரில் பட்டன் பட்டி இருந்தால் அதை யானையின் வயிற்றுப் பக்கம் வரும்படி வையுங்கள். கோட்டு போட்ட யானை.

கேள்வி: லேபிள் இல்லாத துணி என்ன வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓரத்திலிருந்து நான்கைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் தீ வைத்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் வாடை வீசி, தீயை எடுத்ததும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். மிச்சத்தை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டரும் நைலானும் உருகி, ஆறியதும் கல் போன்ற மணியாகும். சூட்டோடு அதைத் தொடாதீர்கள். கலப்புத் துணியில் இரண்டு அடையாளமும் சேர்ந்தே தெரியும்.

கேள்வி: தங்கை குழந்தைக்கு ஒரு வயது. பழைய சாக்ஸில் பொம்மை செய்து தரலாமா? பட்டன் கண் வைத்தால் ஆபத்து என்கிறார்கள்.

தாராளமாகச் செய்து கொடுங்கள், பட்டன் மட்டும் வேண்டாம். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் கடித்து இழுத்தால் ஒரு நாள் நூல் அறும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு. சட்டைப் பட்டன், மணி, சின்னக் குஞ்சம் எல்லாமே அதில் அடங்கிவிடும். கண், மூக்கு, வாய் மூன்றையும் எம்பிராய்டரி நூலால் தைத்துவிடுங்கள். நீளமான நாடாவும் வேண்டாம். உள்ளே அடைப்பது துவைக்கக்கூடிய பாலியஸ்டர் பஞ்சாக இருக்கட்டும். அரிசியோ பயறோ வேண்டாம். தையலை இரட்டையாகப் போடுங்கள்.

சாக்ஸைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ராக்ஃபோர்டு என்ற ஊரிலிருந்த நெல்சன் நிட்டிங் கம்பெனி, தொழிலாளர்கள் அணியும் தன் சாக்ஸுகளைப் போலிகளிலிருந்து பிரித்துக் காட்ட 1932-ல் குதிகாலைச் சிவப்பு நிறத்தில் பின்னத் தொடங்கியது. அந்தச் சிவப்புக் குதிகால் வீடுகளில் தைத்த குரங்குப் பொம்மைகளுக்கு வாயானது. 1955-ல் அந்தப் பொம்மைக்கான காப்புரிமையையும் அதே கம்பெனி பெற்றது. உங்களிடம் இருக்கும் சாக்ஸிலும் குதிகால் வேறு நிறத்தில் இருந்தால், முகம் எங்கே என்ற கேள்விக்கு அதுவே பதில். சாக்ஸ் இழுபடும் துணி என்பதால் பஞ்சைச் சின்னச் சின்ன உருண்டையாக அடையுங்கள். ஒரேயடியாகத் திணித்தால் ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஜீன்ஸ் பாக்கெட்டுகளைச் சுவரில் மாட்டும் பைகளாக்க ஆசை. தைக்கும்போது ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது.

ஜீன்ஸுக்கென்றே உள்ள 100/16 அளவு ஊசிக்கு மாறுங்கள். பல மடிப்புகள் சேரும் தடித்த இடத்தை, பழந்துணி மேலே போட்டுச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் அமுங்கிவிடும். அந்த இடத்தில் மெஷினைக் கையால் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். பாக்கெட் மூலைகளில் இருக்கும் செம்புக் குமிழ்களின் பக்கம் ஊசியைக் கொண்டுபோகவே வேண்டாம். கிழியும் மூலைகளைக் காக்க அந்தக் குமிழை அடிக்கும் உத்திக்கு ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் 1873 மே 20 அன்று காப்புரிமை பெற்றார்கள். அன்றிலிருந்து அது அதே வேலையைத்தான் செய்கிறது, நீங்கள் பிடுங்க நினைத்தாலும் எளிதில் வராது. விட்டுவிடுங்கள், சுவரில் பார்க்க அழகாகவே இருக்கும்.

பாக்கெட்டோடு முன்பக்க ஜிப்பையும் சுற்றிலும் துணி விட்டு வெட்டி எடுங்கள். உலோகப் பற்கள் உள்ள ஜிப் என்றால், குறுக்கே வைத்துத் தைத்ததும் அது ஒரு பூதத்தின் வாய்! மேலே அளவு ஒவ்வாத இரண்டு பட்டன்களைக் கண்ணாக வையுங்கள் (சிறு குழந்தைகள் இல்லாத வீடு என்றால்). உள்ளே ஒரு சின்னப் பை தைத்துவிட்டால் சாவியை விழுங்கும் பூதம் தயார்.

கேள்வி: தையலே தெரியாது. ஹாட் க்ளூ போதுமா?

சுவரில் மாட்டுவதற்கு, அலமாரியில் வைப்பதற்குப் போதும். கையில் எடுத்து விளையாடும், துவைக்கும், வெயில் படும் எதற்கும் போதாது; சூட்டில் இளகி விட்டுவிடும். ஓட்டுத் தையல், பின்தையல் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றுப் பின்னால் கொண்டுபோய்க் குத்துவது) இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். ஃபெல்ட் பொம்மைக்கு அதுவே அதிகம். கோணலாகப் போனால் மாறுபட்ட நிறத்தில் தடித்த நூல் எடுத்து, தையல் தெரியும்படியே தைத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய பொருள் கடையிலிருந்து ஜோடி இல்லாத பீங்கான் கோப்பைகளும், பெயின்ட் அடித்த பழைய மரச் சட்டங்களும் வாங்கினேன். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஈயத்தைக் கவனிக்க வேண்டும். பழைய பீங்கானின் பளபளப்புப் பூச்சிலும் வண்ணச் சித்திரங்களிலும் ஈயம் இருக்கக்கூடும். புளிப்பான பானம் அதைக் கரைத்து எடுக்கும். எனவே வயது தெரியாத, விரிசல் விட்ட கோப்பையைக் குடிப்பதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள். மரச் சட்டத்திலும் அதே சிக்கல். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தை அமெரிக்காவே 1978-ல்தான் தடை செய்தது. பழைய பெயின்டை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கவோ சூடு காட்டி உரிக்கவோ கூடாது. அந்தத் தூசும் புகையும் குழந்தைகளுக்குப் பெருங்கேடு. செதில் செதிலாக உதிரும் சட்டத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கோப்பையை, ஊசிகளைக் குத்தி வைக்கும் ஊசிமெத்தையாக்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. வட்டத் துணியில் பஞ்சை வைத்துச் சுருக்கிப் பந்தாக்கி, கோப்பைக்குள் பசையால் ஒட்டிவிடுங்கள். மேலே பச்சை ஃபெல்ட்டில் ஒரு தவளை உட்கார்ந்தால் குளம் ஆகிவிடும். செடி வைக்க வேண்டுமென்றால் அடியில் துளை தேவை. வைர முனை டிரில் பிட், குறைந்த வேகம், தொடர்ந்து நனைத்துக்கொண்டே, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து. அழுத்தாதீர்கள். மின் இணைப்பு உள்ள டிரில் என்றால் தண்ணீரோடு சேர்த்து வேண்டாம், பேட்டரியில் ஓடுவதை எடுங்கள்.

கேள்வி: வாங்கி வந்த துணியில் பூச்சி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

வீட்டுக்குள் கொண்டுவந்ததும் மூட்டையைப் பிரித்துப் போடாதீர்கள். துவைக்கக்கூடியதை நேராக வெந்நீரில் போடுங்கள். டிரையர் இருந்தால் உச்சச் சூட்டில் அரை மணி நேரம். கம்பளி, பட்டு, இறகு போன்றவற்றைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. வெந்நீர் ஆகாத கம்பளியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, -18 டிகிரியில் இருக்கும் ஃப்ரீசரில் 2 வாரம் வைத்துவிடுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். எடுத்த பிறகு பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் துணி ஈரமாகிவிடும்.

கேள்வி: பாலியஸ்டர் கவுன் ஒன்றின் நிறம் பிடிக்கவில்லை. வீட்டிலேயே சாயம் ஏற்றலாமா?

பருத்திக்கான சாயம் பாலியஸ்டரில் ஏறாது. அதற்கென்று தனிச் சாயம் உண்டு, கொதிநிலையை ஒட்டிய சூட்டில் நெடுநேரம் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் நிறத்தை மாற்றப் போராட வேண்டாம். பிடிக்காத நிறம் உடலில்தான் உறுத்தும். அளவைச் சிறிதாக்கி ஒரு மீனின் செதிலாகவோ பறவையின் இறகாகவோ வெட்டினால் அதே நிறம் துள்ளும். நூல் பிரியாமலிருக்க, வெட்டிய ஓரத்தை மெழுகுவத்திச் சுடரின் அருகே, தொடாமல், ஒரு நொடி காட்டுங்கள். ஓரம் உருகி மூடிக்கொண்டு, லேசாகச் சுருண்டு இதழ் போல வரும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் தண்ணீரும் இருக்கட்டும்.

கேள்வி: எல்லாம் செய்து முடித்த பிறகு ஒரு பை நிறையத் துண்டுகள் மிஞ்சுகின்றன!

பழைய டீ-ஷர்ட் என்றால் அக்குளுக்குக் கீழே உள்ள பகுதியை 2.5 செ.மீ. அகலத்தில் சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வெட்டி, இழுத்துவிடுங்கள். ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு தடித்த நூலாகும். பொம்மைக்கு வால், சிங்கத்துக்குப் பிடரி, கூடை பின்ன நூல், எல்லாவற்றுக்கும் ஆகும். மற்ற துண்டுகளைப் பொடியாக நறுக்கி அடைப்பாகப் பயன்படுத்தலாம், ஆனால் கனமாக இருக்கும், கட்டி கட்டியாகவும் தெரியும். அதனால் மென்மையான பொம்மைக்குள் வேண்டாம். கதவு அடித்துக்கொள்ளாமல் தடுக்க ஒரு கொழுத்த நத்தையோ ஆமையோ செய்யுங்கள். அதற்கு அந்தக் கனம்தான் வேண்டும். ஓட்டுக்கு ஜீன்ஸ், கழுத்துக்கு சாக்ஸ்.